சோர்ந்த இதயமும் சாட்டை மருந்தும்

தளர்ந்த இதயத்துக்கு ஊக்க மருந்து கொடுக்க வேண்டும் என்பது யாருக்கும் எளிதில் தோன்றக்கூடிய எண்ணம். வலுவிழந்ததற்கு வலுவூட்டுவதுதானே மருத்துவம்? ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் காலம் மருத்துவ உலகமும் இவ்வாறே எண்ணி வந்தது. ஆனால், 1991ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு அவ்வெண்ணத்தின் வேரையே அசைத்தது. கடுமையான இதயத் தளர்ச்சியால் வருந்திய 1,088 நோயாளிகளை இரு பிரிவாக்கி, 561 பேருக்கு மில்ரினோன் என்னும் ஊக்க மருந்தையும், 527 பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் அளித்தனர். வழக்கமான பிற மருந்துகள் இரு சாராருக்கும் உண்டு. சராசரி ஆறு மாதம் கழிந்த அளவில், வெற்று மாத்திரை உண்டோரில் 127 பேர் இறந்திருந்தனர். ஊக்க மருந்து உண்டோரில் 168 பேர் இறந்திருந்தனர். நோய் எவ்வளவு முற்றியிருந்ததோ அவ்வளவுக்குத் தீங்கும் மிகுந்திருந்தது.

மில்ரினோன் இதயத்தை வலுவாகத் துடிக்கச் செய்யும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதனைக் கருவிகளால் அளந்தே பார்த்திருந்தனர். துடிப்புக்கு வலுவூட்டிய மருந்து ஆயுளைக் குறைத்தது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காணப் புகுவோர் இதயத்தின் வரவு செலவுக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். அக்கணக்கைச் சிலர் முன்னரே எழுதி வைத்திருந்தனர் என்பதும், அதனைப் பலர் புரட்டிப் பார்க்கவில்லை என்பதும் இவ்வரலாற்றின் சுவையான பகுதிகள்.

இதயத் தளர்ச்சி என்று ஈண்டுக் குறிப்பது மாரடைப்பை அன்று. மாரடைப்பு இதயத்தின் இரத்தக் குழாய் திடீரென அடைபடுவதால் நேர்வது. தளர்ச்சியோ, இதயத் தசை உடலின் தேவைக்கு ஏற்ப இரத்தத்தைச் செலுத்த இயலாமல் நாளடைவில் நலிவது. மாரடைப்புக்குப் பின்னும் இது வரலாம். இரத்த அழுத்தம், வால்வுக் கோளாறு, தசை நோய் முதலியவற்றாலும் வரலாம். கால் வீங்கும், வயிற்றில் நீர் கட்டும், படுத்தால் மூச்சு முட்டும். நம் முன்னோர் நீர்வீக்கம், மகோதரம் என்று பெயரிட்டு அஞ்சிய நோய்களுள் ஒரு பங்கு இதயத் தளர்ச்சியின் வெளித்தோற்றமே எனலாம்.

இனிக் கணக்கைக் காண்போம். இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. நிமிடத்துக்கு 5 லிட்டர் என்று கொண்டாலும் ஒரு நாளில் 7,200 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. இவ்வேலைக்கு உரிய செலாவணி ஏ.டி.பி. எனப்படும் வேதிப்பொருள். ஒரு நாளில் இதயம் ஆக்கிச் செலவழிக்கும் ஏ.டி.பி.யின் எடை சுமார் 6 கிலோ. அஃதாவது, இதயத்தின் சொந்த எடையைப் போல் இருபது மடங்குக்கும் மேல். ஆனால், எந்த நேரத்திலும் கையில் இருக்கும் இருப்பு ஒரு சில துடிப்புகளுக்கே போதும். நொடிதோறும் சம்பாதித்து நொடிதோறும் செலவழிக்கும் அன்றாடங்காய்ச்சியின் வாழ்வுதான் இதயத்தின் வாழ்வு.

வரவு வரும் வழியும் குறுகியது. ஏ.டி.பி.யை ஆக்கப் பிராணவாயு வேண்டும். உடல் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், ஓய்வு நேரத்தில் இரத்தத்தில் உள்ள பிராணவாயுவில் நாலில் ஒரு பங்கே செலவாகிறது. இதயமோ ஓய்வு நேரத்திலேயே தன்னிடம் வரும் பிராணவாயுவில் ஏறத்தாழ முக்கால் பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. சம்பளம் வந்த அன்றே முக்கால் பங்கு செலவாகிவிடும் குடும்பத்துக்குத் திடீர்ச் செலவு வந்தால் என்ன செய்யும்? சம்பளத்தைக் கூட்டித் தரும்படி கேட்பது ஒன்றே வழி. இதயமும் அப்படித்தான், தன் குழாய்களில் இரத்த ஓட்டத்தைக் கூட்டினாலன்றி அதற்கு வேறு புகலில்லை. நோயுற்ற இதயத்துக்கு அந்த வழியும் பெரும்பாலும் அடைபட்டிருக்கும்.

நிற்க. ஊக்க மருந்தின் கதை இங்கிலாந்து நாட்டின் ஷ்ராப்ஷயர் பகுதியில் தொடங்குகிறது. வில்லியம் விதரிங் என்பவர் அங்கே 1741இல் பிறந்து, பர்மிங்ஹாம் நகரில் புகழ்பெற்ற வைத்தியராக விளங்கியவர். செடிகொடி நூலிலும் வல்லவர். 1775ஆம் ஆண்டில், ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த ஒரு மூதாட்டி குடும்ப இரகசியமாக வைத்திருந்த மருந்தைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. படித்த வைத்தியர்கள் கைவிட்ட நீர்வீக்க நோயாளிகள் சிலரை அம்மருந்து குணப்படுத்தியது என்பது செய்தி. இருபதுக்கு மேற்பட்ட பச்சிலைகள் சேர்ந்த கலவை அது. அவற்றுள் வேலை செய்யும் இலை நரிக் கையுறை என்று பொருள்படும் பெயரையுடைய செடியின் இலையாகத்தான் இருக்க முடியும் என்று விதரிங் கண்டுகொண்டார். டிஜிட்டாலிஸ் என்பது அச்செடியின் நூற்பெயர். பிற்காலத்தார் அம்மூதாட்டிக்கு ஹட்டன் என்று பெயர் சூட்டிப் படமும் தீட்டினர். அந்தப் பெயர் 1928இல் ஒரு மருந்துக் கம்பெனியின் விளம்பரத்தில் பிறந்த கற்பனை. வகுப்பில் இக்கதையைச் சொல்லும் ஆசிரிய அன்பர்கள் மூதாட்டியைப் பெயரில்லாமலே விட்டுவிடுதல் நன்று.

விதரிங் அவசரப்படவில்லை. பத்தாண்டுக் காலம் பொறுமையாகக் குறிப்பெழுதி, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நோயாளிகளின் செய்திகளைத் திரட்டி, 1785இல் நூலாக வெளியிட்டார். அந்நூலில் நலம் பெற்றவர்களின் கதையோடு நலம் பெறாதவர்களின் கதையும் உண்டு. அளவு மீறினால் வாந்தி வரும், கண்ணுக்குப் பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றும், நாடி நிமிடத்துக்கு முப்பத்தைந்து அளவுக்கு இறங்கும், உயிரும் போகும் என்று அவர் எச்சரித்தார். நம் வேலியோரத்து அரளியின் நஞ்சும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அரளி விதையின் கொடுமையை அறிந்தவர்க்கு இவ்வெச்சரிக்கையின் பொருள் எளிதில் விளங்கும். இன்னொன்று: விதரிங் இம்மருந்தைச் சிறுநீரைப் பெருக்கி நீர்வீக்கத்தை வடிக்கும் மருந்தாகவே முதன்மையாகக் கருதினார். எனினும், இதயத்தின் இயக்கத்தின்மீது வேறெந்த மருந்துக்கும் இல்லாத ஆற்றல் இதற்கு உண்டு என்பதையும் குறிக்கத் தவறவில்லை. அவர் கண்ட அந்த ஆற்றல் நாடியைத் தணிக்கும் ஆற்றல் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதயத்தை ஊக்கும் மருந்து என்ற பட்டம் பிற்காலத்தார் சூட்டியது.

இதயத்தின் செலவை முதன்முதல் ஒழுங்காக அளந்தவர்கள் லண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் ஸ்டார்லிங் என்னும் உடலியல் பேராசிரியரின் கூடத்தில் உழைத்தவர்கள். அங்கே நாயின் இதயத்தையும் நுரையீரலையும் உடலின் பிற பகுதிகளிலிருந்து பிரித்து இயங்கவிட்டு, அழுத்தத்தையும் இரத்த அளவையும் விருப்பம்போல் கூட்டிக் குறைத்து, செலவாகும் பிராணவாயுவை அளக்கும் முறையை வகுத்திருந்தனர். 1915இல் லொவட் எவன்ஸ் என்பவரும் ஜப்பானியரான மாட்சுவோக்கா என்பவரும் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. இதயம் இறைக்கும் இரத்தத்தின் அளவைக் கூட்டினால் செலவு சிறிதே கூடுகிறது. எதிர்த்து நிற்கும் அழுத்தத்தைக் கூட்டினாலோ செலவு பெரிதும் கூடுகிறது. தோளில் கம்பு வைத்து இருபுறமும் நிறைந்த பால்வாளிகளைத் தூக்கி நிற்கும் தோட்டத் தொழிலாளரை எண்ணிப் பாருங்கள். ஓர் எட்டு எடுத்து வைக்காமல் நின்றாலும் அவருக்கு வியர்த்துக் கொட்டும். பார்ப்பவன் கண்ணுக்கு வேலை நடக்கவில்லை; தசையோ தன் முதலைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. தசை தாங்கும் இழுவிசைக்குத்தான் பெரும்பகுதி விலை கொடுக்கப்படுகிறது என்பதே இதன் கருத்து. 1958இல் அமெரிக்காவில் சார்னாஃப் என்பவரும் அவர்தம் குழுவினரும் இதனை இன்னும் துல்லியமாக நிறுவினர்.

மனித இதயத்தில் இக்கணக்கை எழுதியவர் ரிச்சர்ட் பிங். 1940களின் பிற்பகுதியில், இதயத் தசையிலிருந்து வெளியேறும் இரத்தம் வடியும் குழாய்க்குள் மெல்லிய நாளம் ஒன்றைச் செலுத்தி, நுழையும் இரத்தத்துக்கும் வெளியேறும் இரத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர் அளந்தார். உயிருள்ள மனிதனின் இதயம் எவ்வளவு பிராணவாயுவைத் தின்று எவ்வளவு வேலையைத் திருப்பித் தருகிறது என்பது அப்போதுதான் தெரிய வந்தது. இதற்கும் முன்னதாக, 1939இல் ஹெர்மன், டெச்செர்ட் என்னும் இருவர், தளர்ந்து இறந்தவர்களின் இதயத் தசையில் கிரியாட்டின் என்னும் பொருள் குறைந்திருப்பதைக் கண்டிருந்தனர். ஏ.டி.பி. அன்றாடச் செலாவணி என்றால், கிரியாட்டின் பாஸ்பேட்டு பெட்டியடியில் வைத்திருக்கும் அவசரச் சில்லறை. தளர்ந்த இதயத்தில் அந்தச் சில்லறை முதலில் கரைகிறது, பின்னர் ஏ.டி.பி.யும் குறைகிறது. இதயத் தளர்ச்சியை வறுமை நோய் என்று சொல்லத்தக்க சான்று 1939ஆம் ஆண்டிலேயே கைக்கு வந்துவிட்டது.

மருத்துவமனைப் படுக்கையருகே வீசிய காற்று வேறு. அட்ரினலினை 1901இல் தாக்கமீனே தூய உருவில் பிரித்தெடுத்தார். அச்சமும் சினமும் வரும்போது நம் உடலே சுரக்கும் அந்தப் பொருள் இதயத்தை விரைவாகவும் வலுவாகவும் துடிக்கச் செய்கிறது. 1948இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் என்னும் அமெரிக்கர், அட்ரினலின் உடலில் வேலை செய்வதற்கு இருவகை வாயில்கள் உண்டு என்று கண்டு அவற்றை ஆல்ஃபா, பீட்டா என்று பிரித்தார். இதயத்தை ஊக்குவது பீட்டா வாயில். அவ்வாயிலைத் தட்டினால் உயிரணுவுக்குள் ஒரு தூதுப்பொருள் பெருகும். அதன் ஏவலால் கால்சியம் மிகுதியாகப் பாயும். கால்சியம் பாய்ந்தால் தசை இறுகும். துடிப்பு முடிந்ததும் அந்தக் கால்சியம் முழுவதையும் திரும்ப அதன் அறைக்குள் இறைத்து அடைக்க வேண்டும். இறைப்பதற்கும் ஏ.டி.பி.தான் கூலி. ஆக, ஊக்க மருந்து செலவைப் பல வழிகளில் கூட்டுகிறது: துடிப்பு மிகுகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் தசை இழுக்கும் வேகம் மிகுகிறது, கால்சியத்தை இறைக்கும் வேலையும் மிகுகிறது. தசை சுருங்கும் வேகத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு என்பதை 1965இல் சொன்னன்பிளிக், பிரான்வால்ட் முதலியோர் காட்டினர்.

ஊக்க மருந்து எதுவாயினும் செலவைக் கூட்டும் என்று இதனைக் கொண்டு முடிவு கட்டிவிட முடியாது. டிஜிட்டாலிஸைப் பற்றி 1966இல் பிரான்வால்ட் குழுவினர் விலங்குகளில் செய்த ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. நல்ல இதயத்தில் அம்மருந்து பிராணவாயுச் செலவைக் கூட்டியது. பெருத்துத் தளர்ந்த இதயத்திலோ செலவு கூடவில்லை, குறையவும் செய்தது. காரணம் எளியது. ஒரே அழுத்தத்துக்குச் சிறிய பையின் சுவர் தாங்கும் இழுவிசையைவிடப் பெரிய பையின் சுவர் தாங்கும் இழுவிசை மிகுதி. லாப்லாஸ் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞரின் விதி இது. தளர்ந்த இதயம் ஊதிப் பெருத்திருப்பதால் அதன் சுவர் ஓயாமல் பெருஞ்சுமை தாங்கி நிற்கிறது. மருந்தால் அது சற்றே சுருங்கினால் அச்சுமை குறைகிறது. ஒரு கையால் பறித்த பணத்தை மருந்து மறு கையால் திருப்பிக் கொடுக்கிறது. அன்றியும், டிஜிட்டாலிஸ் பீட்டா வாயிலைத் தட்டுவதில்லை. உயிரணுவின் சோடியம் இறைப்பியை அடக்கி, அதன்வழியே கால்சியத்தைச் சேர்க்கிறது, நாடியையும் தணிக்கிறது. சாட்டையும் கடிவாளமும் ஒரே கையில் பிடித்த மருந்து என்று அதனைச் சொல்லலாம். பின்வந்த மருந்துகளுள் பல சாட்டையை மட்டும் பிடித்தவை.

இவ்விடத்தில் நம் ஊர்த் தொடர்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்து நாட்டு ஜேம்ஸ் பிளாக், மருத்துவப் படிப்பால் ஏற்பட்ட கடனைத் தீர்க்கும் பொருட்டுச் சிங்கப்பூருக்கு வந்து, 1947 முதல் 1950 வரை ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். அக்கல்லூரி 1949இல் மலாயாப் பல்கலைக் கழகத்தோடு இணைந்தது. தாயகம் திரும்பிய பின்னர் அவர் நெஞ்சுவலி நோயைப் பற்றிச் சிந்தித்தார். அந்நாளைய மருத்துவர்கள் இதயத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் கூட்டும் வழியைத் தேடினர். பிளாக் கணக்கின் மறுபக்கத்தைத் திருப்பினார்: வரவைக் கூட்ட முடியாவிட்டால் செலவைக் குறைக்கலாமே! பீட்டா வாயிலை அடைத்துவிட்டால் அட்ரினலின் தட்டினாலும் இதயம் செவி சாய்க்காது, பிராணவாயுவும் மிச்சப்படும். 1964இல் வெளிவந்த புரோப்பிரனலால் என்னும் மருந்து இவ்வெண்ணத்தின் கனி. 1988இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

நெஞ்சுவலிக்கு நல்லதான அம்மருந்து இதயத் தளர்ச்சிக்கு நஞ்சு என்று மருத்துவ நூல்கள் எழுதின. அதற்குக் காரணமும் இருந்தது. தளர்ந்த இதயம் உடல் சுரக்கும் அட்ரினலின் இனத்துப் பொருள்களின் உந்துதலால்தான் ஒருவாறு நின்றுகொண்டிருக்கிறது. அந்த ஊன்றுகோலைத் திடீரெனப் பிடுங்கினால் விழுந்துவிடும். முழு அளவு பீட்டாத் தடை மருந்து கொடுக்கப்பட்ட நோயாளிகள் சிலர் மூச்சு முட்டி அவதியுற்றதை மருத்துவர்கள் நேரிலேயே கண்டிருந்தனர். ஆகவே, அந்தத் தடையை அறியாமையால் எழுந்தது என்று இகழ்தல் பொருந்தாது.

1975ஆம் ஆண்டில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரு கட்டுரைகள் வெளிவந்தன. அமெரிக்காவின் எலை லில்லி கம்பெனியைச் சேர்ந்த டட்டில், மில்ஸ் என்னும் இருவர் டோபியூட்டமின் என்னும் புதிய ஊக்க மருந்தை விவரித்தனர். நாடியை மிகவும் விரைவாக்காமல் இதயத்தை இறுகச் செய்யும் வகையில் திட்டமிட்டு ஆக்கப்பட்ட மருந்து அது. அதே ஆண்டில் சுவீடன் நாட்டுக் கோதென்பர்க் நகரத்து வாக்ஸ்டைன், யால்மர்சன் முதலியோர், இதயத் தசை நோய் முற்றிய ஏழு நோயாளிகளுக்குப் பீட்டாத் தடை மருந்து கொடுத்ததாகவும், அவர்கள் நலிவதற்கு மாறாக நலம் பெற்று வருவதாகவும் எழுதினர். முதல் கட்டுரையை உலகம் கைதட்டி வரவேற்றது. இரண்டாவது பல ஆண்டுகள் ஒரு மூலையில் கிடந்தது. ஏழு பேரை வைத்து, ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவு இல்லாமல் எழுதிய கட்டுரையை ஐயத்தோடு நோக்கியது நியாயந்தான். ஆனால், ஊக்க மருந்தின்மீது அதே ஐயம் எழவில்லையே என்பதுதான் என் குறை.

ஏன் எழவில்லை? 1970இல் ஸ்வான், கான்ஸ் என்னும் இருவர் நுனியில் சிறு பலூன் உள்ள குழாய் ஒன்றைப் புனைந்தனர். அதனைக் கொண்டு நோயாளியின் படுக்கையருகிலேயே இதயத்தின் அழுத்தத்தையும், இறைக்கும் அளவையும் நிமிடக் கணக்கில் அறிய முடிந்தது. ஊக்க மருந்தைச் செலுத்தியதும் எண்கள் உயர்வதை மருத்துவர் தம் கண்ணால் கண்டார். நோயாளியும் தெம்பு வந்ததாகச் சொன்னார். இதற்கு மேல் சான்று எதற்கு? பள்ளி ஆய்வாளர் வரும் நாளில் வகுப்பறை துலங்குவதைக் கண்டு ஆண்டு முழுதும் நடந்த கல்வியை மதிப்பிடுவது போன்ற காரியம் இது. செலவுக் குறிப்பேடு எந்தக் கருவியிலும் தெரியவில்லை.

1980களில் மருந்துக் கம்பெனிகள் ஊக்க மருந்தை மாத்திரை வடிவில் தர முற்பட்டன. அம்ரினோன், மில்ரினோன் என்பன பீட்டா வாயிலைத் தட்டாமல், உள்ளே பிறந்த தூதுப்பொருள் அழியாதபடி தடுப்பவை. டோபியூட்டமின் மணியை ஓயாது அடிக்கிறது என்றால், மில்ரினோன் அடித்த மணியின் ஓசை அடங்காதபடி செய்கிறது. முடிவு ஒன்றே.

அதே பத்தாண்டில் எச்சரிக்கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1982இல் பிரிஸ்டோ குழுவினர், தளர்ந்த மனித இதயங்களில் பீட்டா வாயில்களின் எண்ணிக்கை குறைந்துபோயிருப்பதைக் காட்டினர். ஓயாத தட்டலைத் தாங்க மாட்டாமல் இதயமே கதவுகளைப் பெயர்த்தெடுத்துவிட்டது போலும்! 1984இல் ஜே கோன் குழுவினர், இரத்தத்தில் அட்ரினலினின் உடன்பிறப்பாகிய நார் அட்ரினலின் எவ்வளவு மிகுதியோ அவ்வளவு விரைவில் நோயாளி இறக்கிறார் என்று கண்டனர். உடலே ஏற்கனவே சாட்டையை ஓங்கிக்கொண்டிருக்கிறது. அடி மிகுந்தவர் முன்னே விழுகிறார். மருத்துவர் தம் பங்குக்கு மற்றொரு சாட்டையை எடுப்பது தகுமா? 1986இல் ஆர்னால்ட் காட்ஸ் இக்கேள்வியை வெளிப்படையாக எழுப்பினார். தளர்ந்த இதயம் ஆற்றல் பட்டினியால் வாடுகிறது. பட்டினி கிடப்பவனிடம் அதிக வேலை வாங்கினால் அவன் விரைவில் மடிவான். நாட்பட்ட நோய்க்கு ஊக்க மருந்து தீங்காகக்கூடும் என்பது அவர் வாதம். இதயத்தின் வேதியியலை நன்கறிந்தவர் அவர். எனினும், அப்போது அது வாதமாகவே நின்றது, எண்ணிக்கை வரவில்லை.

எண்ணிக்கை 1990இல் வரத் தொடங்கியது. ஜாமடெரால் என்னும் மருந்து பீட்டா வாயிலை மிதமாகத் தட்டுவது. அதனை உண்ட 352 பேரில் 32 பேர் நூறு நாளுக்குள் இறந்தனர். வெற்று மாத்திரை உண்ட 164 பேரில் 6 பேரே இறந்தனர். மறு ஆண்டில் இக்கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மில்ரினோன் ஆய்வு வெளிவந்தது. பின்னர் 1993இல் ஃபுளோசிக்குவினன் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 1997இல் ஐபோப்பமின் வீழ்ந்தது. வெஸ்னரினோனின் கதை இன்னும் படிப்பினை மிகுந்தது. 1993இல் சிறிய ஆய்வு ஒன்று அம்மருந்து சாவைக் குறைப்பதாகப் பறைசாற்றிற்று. 1998இல் 3,833 பேரைக் கொண்ட பெரிய ஆய்வு, அளவு கூடக் கூடச் சாவும் கூடுவதாகக் காட்டிற்று. அந்த ஆய்விலேயே மருந்துண்டவர்கள் தொடக்கத்தில் தங்கள் வாழ்வு மேம்பட்டதாகக் கூறினர் என்பதையும் மறைக்கக் கூடாது. தெம்பு மெய், அதற்குக் கொடுத்த விலையும் மெய்.

இத்தனை சாவுக்கும் ஆற்றல் செலவு ஒன்றே காரணமா? அவ்வாறு சொல்வது மிகையாகும். கால்சியம் அளவுக்கு மீறிப் பெருகினால் இதயத்தின் தாளம் தடுமாறும். திடீர்ச் சாவுகளுக்கு அத்தடுமாற்றம் முக்கியமான காரணம். நீண்ட நாள் ஊக்கம் தசையணுக்களையே அழிப்பதும் உண்டு. மேலும், மில்ரினோன் இரத்தக் குழாய்களையும் தளர்த்துவதால், செலுத்திய சிறிது நேரத்துக்கு இதயத்தின் சுமை குறைந்து, பிராணவாயுச் செலவு கூடாமலும் இருக்கலாம். ஆயினும், தாளத் தடுமாற்றமும் அணு அழிவும் ஆற்றல் வறுமையோடு பின்னிப் பிணைந்தவை. ஏ.டி.பி. குறைந்த அணுவால் கால்சியத்தைத் திரும்ப அடைக்க இயலாது; அடைபடாத கால்சியமே தாளத்தைக் கெடுக்கிறது. 1997இல் நொய்பவர் குழுவினர், காந்தக் கருவியின் துணையால், உயிருள்ள நோயாளிகளின் இதயத்தில் கிரியாட்டின் பாஸ்பேட்டுக்கும் ஏ.டி.பி.க்கும் உள்ள விகிதத்தை அளந்து, அவ்விகிதம் தாழ்ந்தவர்கள் முன்னே இறப்பதைக் கண்டனர். பெட்டியடிச் சில்லறையின் கணக்கு ஆயுளின் கணக்காகவும் இருந்தது.

மூலையில் கிடந்த கோதென்பர்க் கட்டுரைக்கு வருவோம். வாக்ஸ்டைனும் அவர்தம் நண்பர்களும் மனம் தளராமல் உழைத்தனர். மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும் என்பதே அவர்கள் கண்ட சூட்சுமம். ஊன்றுகோலைப் பிடுங்காமல், நடப்பவன் அறியாதபடி சிறுகச் சிறுகத் தளர்த்துவது போன்றது அது. தொடக்கத்தில் நோயாளிக்கு இன்னும் சோர்வாகக்கூட இருக்கும். ஓரிரு மாதம் கழித்தே இதயம் தேறும். அப்போது அது ஊக்க மருந்து உண்ட இதயத்தைப் போலவே வலுவாகவும் இறைக்கும். 1994இல் மெட்டோப்புரலால் மருந்தைக் கொண்டு ஐக்கார்ன் குழுவினர் செய்த ஆய்வில் இதயத்தின் வேலை கூடியிருந்தது, பிராணவாயுச் செலவு கூடவில்லை. 1915இல் லண்டனில் தொடங்கிய கணக்கு இங்கே நேர் செய்யப்பட்டது.

1999இல் இரு பெரும் ஆய்வுகள் வெளிவந்தன. ஐரோப்பாவில் 2,647 பேரிடம் பிசோப்புரலாலும், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 3,991 பேரிடம் மெட்டோப்புரலாலும் சோதிக்கப்பட்டன. இரண்டிலும் சாவு நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது. தொடர்ந்து சோதிப்பது வெற்று மாத்திரை உண்போர்க்கு அநீதி என்று கருதி, இரண்டு ஆய்வுகளையும் முன்கூட்டியே நிறுத்தினர். ஒரு காலத்தில் இந்நோய்க்கு ஆகாது என்று நூல்கள் விலக்கிய மருந்தினம், இதயம் சுருங்கும் ஆற்றல் குறைந்த நோயாளிகளுக்கு இன்று முதன்மையான மருந்துகளுள் ஒன்றாக விளங்குகிறது.

ஊக்க மருந்துகள் அடியோடு ஒழிந்துவிடவில்லை. இரத்த அழுத்தம் சரிந்து, சிறுநீரகமும் மூளையும் இரத்தமின்றித் தவிக்கும் வேளையில், டோபியூட்டமினும் மில்ரினோனும் இன்றும் நரம்பு வழியே செலுத்தப்படுகின்றன. மாற்று இதயத்துக்கோ இயந்திர உதவிக்கோ காத்திருப்போருக்கு அவை நாட்களை வாங்கித் தருகின்றன. வெள்ளம் வரும்போது களைத்த காளையையும் அடித்து ஓட்டித்தான் கரை சேர வேண்டும். ஆகவே, உற்றார் ஒருவருக்கு மருத்துவமனையில் இம்மருந்து ஏறுவதைக் கண்டு எவரும் அஞ்சவேண்டியதில்லை; வீட்டில் உண்ணும் மாத்திரைகளைத் தாமே நிறுத்தவும் கூடாது.

செலவைக் கூட்டாமல் வலுவூட்டும் மருந்தைத் தேடும் முயற்சியும் ஓயவில்லை. கால்சியத்தைப் பெருக்காமல் தசைப் புரதத்தையே நேராகப் பற்றும் ஒமெக்காம்டிவ் மெக்கார்பில் என்னும் மருந்தை 8,256 பேரிடம் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டனர். சாவு கூடவில்லை, பலனும் சிறிதே. 2023இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி மறுத்தது. விதரிங்கின் செடியோ இன்னும் களத்தில் நிற்கிறது. 1997இல் 6,800 பேரிடம் டிஜாக்சினைச் சோதித்தபோது அது சாவைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மருத்துவமனையில் சேரவேண்டிய தேவையை மட்டும் குறைத்தது. 2025இல் ஜெர்மானியர் தலைமையில், அச்செடியின் மற்றொரு சத்தாகிய டிஜிடாக்சினைச் சிறு அளவில், பீட்டாத் தடை மருந்து முதலிய இன்றைய மருந்துகளை உண்டுவந்த 1,200க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தனர். சாவும், இதயத் தளர்ச்சி முற்றி மருத்துவமனை சேர்தலும் சேர்ந்த கணக்கில் நூற்றுக்கு 18 பங்கு குறைந்திருந்தது.